டவுன் போர்டு நம் வீட்டுக் கரண்டை மாற்றலாமா?

வாசகி கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றுப் பக்கம், டட்செஸ் கவுன்ட்டியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் டவுன் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து டவுன் போர்டு, அதாவது ஊரை நிர்வகிக்கிற குழு, மின்சாரம் வாங்கப் போகிறதாம், முழுக்கப் பசுமை மின்சாரமாம். வேண்டாம் என்று 30 நாளைக்குள் எழுதிப் போடாவிட்டால் எங்களையும் தானாகவே சேர்த்துவிடுவார்களாம். கணவர், “இது ஏமாற்று வேலை, கிழித்துப் போடு” என்கிறார். பக்கத்து வீட்டு அம்மா, “முன்பு சில ஊர்களில் இப்படித்தான் ஆரம்பித்து நட்டாற்றில் விட்டார்கள்” என்கிறார். இதற்கு நடுவில் ஒருவர் வாசலில் வந்து நின்று, கம்யூனிட்டி சோலாரில் சேர்ந்தால் பில் 10 சதவீதம் குறையும், கரண்ட் பில்லைக் காட்டுங்கள் என்றார். எங்களைக் கேட்காமல் எங்கள் வீட்டு மின்சாரத்தை டவுன் எப்படி முடிவு செய்யலாம்? எங்களுக்கு இங்கே ஓட்டும் கிடையாது. என்ன செய்ய?

அன்புள்ள வாசகிக்கு,

கிழிக்க வேண்டாம். அந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் மேல் மாட்டி வையுங்கள், கடைசியாக வந்த கரண்ட் பில்லையும் கூடவே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தவர்களுடைய மின் பில்லைப் படித்து அதில் தப்புக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அதனால் சொல்கிறேன், உங்கள் கணவரின் சந்தேகம் நல்ல சந்தேகம். ஆனால் தப்பான கடிதத்தின் மேல் விழுந்திருக்கிறது. அவர் சந்தேகப்பட வேண்டிய ஆள் வாசலில் வந்து நின்றவர். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

முதலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். நம் ஊரில் எல்லாமே ஈ.பி.தான். கம்பம் அவர்களுடையது, கம்பி அவர்களுடையது, உள்ளே ஓடும் கரண்டும் அவர்களுடையது. ரீடிங் எடுத்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவதும் அவர்கள்தான், ஃபியூஸ் போனால் திட்டுவதும் அவர்களைத்தான். நியூயார்க்கில் 1990களின் பின்பாதியில் இதை இரண்டாக வெட்டிவிட்டார்கள். கம்பியும் கம்பமும் மீட்டரும் ஒருவருக்கு. கம்பிக்குள் வரும் சரக்கை யாரிடம் வாங்குவது என்பது நம் விருப்பத்துக்கு. உங்கள் பகுதியில் கம்பிக்காரர் சென்ட்ரல் ஹட்சன். நீங்கள் யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அவர்களே சந்தையில் வாங்கி, வாங்கின விலையை உங்கள் தலையில் வைக்கிறார்கள். மூன்று வருடமாக உங்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

பில்லைத் திருப்பிப் பாருங்கள். ‘டெலிவரி’ என்று ஒரு பகுதி, ‘சப்ளை’ என்று ஒரு பகுதி. டவுன் போர்டு கை வைப்பது சப்ளையில் மட்டும். டெலிவரிக் கட்டணத்தை ஒரு சென்ட் கூட்டவோ குறைக்கவோ போர்டில் உட்கார்ந்திருக்கிற ஐந்து பேருக்கு அதிகாரம் கிடையாது. அது மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இருக்கிற பொதுச் சேவை ஆணையத்தின் வேலை. பனிப்புயலில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் பழைய வண்டிதான் வரும், பழைய நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும், பில்லும் பழைய கவரில்தான் வரும். சப்ளை என்ற இடத்தில் வேறொரு பெயர் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

“எங்களைக் கேட்காமல் எப்படி?” என்கிறீர்கள். கேட்டார்கள். நீங்கள் பார்க்காத இடத்தில் கேட்டார்கள்.

ஊர் முழுவதற்கும் சேர்த்து மின்சாரம் வாங்குகிற இந்த ஏற்பாட்டுக்கு கம்யூனிட்டி சாய்ஸ் அக்ரிகேஷன் என்று பெயர், சுருக்கமாக சி.சி.ஏ. மாசசூசெட்ஸ் 1997-லேயே சட்டம் போட்டு, கேப் காட் பகுதி ஊர்கள் முதலில் இறங்கின. நியூயார்க்கில் வெஸ்ட்செஸ்டர் கவுன்ட்டியின் ஊர்கள் சிலவற்றில் முன்னோட்டமாக ஆரம்பித்து, 2016 ஏப்ரலில் ஆணையம் மாநிலம் முழுவதற்கும் விதிமுறை வகுத்தது. அதன்படி டவுன் போர்டு முதலில் ஓர் உள்ளூர்ச் சட்டம் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கூட்டம் பற்றிய அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையில், பழைய கார் விற்பனை விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு எழுத்தில் வரும். டவுன் ஹால் பலகையிலும் ஒட்டியிருப்பார்கள். யார் போய்ப் படிக்கிறோம்? நானே என் ஊர் அறிவிப்பை ஒரு தடவை கூடப் படித்ததில்லை. இதுதான் எனக்குத் தொழில் என்பதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் உறுத்துகிற இடம். எனக்கும் உறுத்துகிறது. ஆனால் காரணம் புரிகிறது. விருப்பமுள்ளவர் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றால் ஊரில் பத்துப் பேர் வருவார்கள். பத்து வீட்டை வைத்துக்கொண்டு எந்த வியாபாரியிடமும் பேரம் பேச முடியாது. நாலாயிரம் வீடு கையில் இருக்கிறது என்று சொன்னால்தான் விலை இறங்கும். அதனால்தான் எல்லோரையும் உள்ளே வைத்துவிட்டு, வேண்டாதவர் வெளியே போகட்டும் என்கிறார்கள். எல்லோரையும் என்றால் நிஜமாகவே எல்லோரையும் இல்லை. ஏற்கெனவே தனியாக ஒரு விற்பனையாளரிடம் வாங்குகிறவர்களைத் தொட மாட்டார்கள். என் கணக்கை யாரும் மாற்றக் கூடாது என்று கம்பிக்காரரிடம் சொல்லிப் பூட்டுப் போட்டவர்களையும் தொட மாட்டார்கள். வருமானம் குறைவென்று பில்லில் உதவித்தொகை பெறுகிறவர்களுக்கும் தனிப் பாதுகாப்பு இருக்கிறது.

கடிதம் அசலா போலியா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். கடிதத்தில் இருக்கிற நம்பருக்குப் பேச வேண்டாம். உங்கள் சொத்து வரி ரசீதில் டவுன் கிளார்க் நம்பர் இருக்கும், அதற்குப் பேசுங்கள். “சி.சி.ஏ. கடிதம் வந்திருக்கிறது, நீங்கள் அனுப்பியதா?” என்று கேட்டால் போதும். சின்ன ஊர் கிளார்க்குகள் பெரும்பாலும் பொறுமையானவர்கள்.

இப்போது விலைக்கு வருவோம். எல்லோரும் பசுமை, பூமி, பேரப்பிள்ளைகள் என்று பேசுவார்கள். நீங்கள் கடிதத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சென்ட் என்று போட்டிருக்கிற இடத்தைப் பாருங்கள். அதோடு எதை ஒப்பிடுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள்.

சென்ட்ரல் ஹட்சன் பில்லில் சப்ளை என்பது ஒரே வரியில் இருக்காது. ‘மார்க்கெட் ப்ரைஸ் சார்ஜ்’ என்று ஒன்று இருக்கும், அதை மட்டும் பார்த்துவிட்டு “அட, டவுன் விலை அதிகமாக இருக்கிறதே” என்பார்கள். அதற்குக் கீழே ‘மார்க்கெட் ப்ரைஸ் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஒன்று இருக்கும். முந்தைய மாதங்களில் கூடுதலாகவோ குறைவாகவோ வாங்கியதைச் சரிக்கட்டுவது அது. ஒரு மாதம் கூட்டலில் இருக்கும், ஒரு மாதம் கழித்தலில் இருக்கும். அதற்கும் கீழே ‘மெர்ச்சன்ட் ஃபங்ஷன் சார்ஜ்’. உங்களுக்காகக் கடைக்குப் போய் வாங்கி வந்த கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டி, யூனிட்டால் வகுத்தால் வருவதுதான் நிஜ விலை. அதையும் ஒரு மாதத்துக்குப் பார்த்தால் போதாது. கம்பிக்காரர் விலை மாதாமாதம் மாறும். இங்கே குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கவும் மின்சாரம் எடுக்கவும் ஒரே இயற்கை எரிவாயுவுக்குத்தான் போட்டி, அதனால் ஜனவரி, பிப்ரவரியில் மின்விலை தாறுமாறாக ஏறும். ஏப்ரலில் படுத்துக்கொள்ளும். ஆகவே 12 பில்லை எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த மூன்று வரியைக் கூட்டி, வருட மொத்தத்தை வருட யூனிட்டால் வகுங்கள். இணையத்தில் உங்கள் கணக்கில் பழைய பில்கள் எல்லாம் இருக்கும். அரை மணி நேர வேலை. உங்கள் கணவர் ஐ.டி.யில் இருந்தால் எக்செல்லில் போட்டு அரை நாள் ஆக்குவார், விட்டுவிடுங்கள்.

வந்த எண்ணை டவுன் விலையோடு வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் மாதம் 640 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை சென்ட் வித்தியாசம் என்றால் மாதம் 3 டாலர் 20 சென்ட். ஒரு சென்ட் என்றால் 6 டாலர் 40 சென்ட், வருடத்துக்கு 76 டாலர் 80 சென்ட். கூட்டத்தில் கழுத்து நரம்பு புடைக்கப் பேசுகிறவர்கள் இந்தத் தொகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு, மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் போட்டிருந்தால் கதை வேறு. குளிர்காலத்தில் 2,000 யூனிட்டுக்கு மேல் போகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு சென்ட்டும் பெரிது.

டவுன் விலை மலிவாக இருக்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். அது மலிவு விலைத் திட்டம் என்பதை விட நிலையான விலைத் திட்டம் என்பதே பொருந்தும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரே விலை. சந்தை ஏறினால் நீங்கள் சிரிப்பீர்கள், இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார்.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னது பொய்யில்லை. உங்கள் பகுதியிலேயே நடந்தது. 2021 கோடையில் பீக்கன், பொக்கீப்ஸி, கோல்ட் ஸ்பிரிங், பிலிப்ஸ்டவுன் உள்ளிட்ட ஊர்கள் சேர்ந்து இதே மாதிரி நிலையான விலையில் ஒப்பந்தம் போட்டன. முதல் சில மாதம் நன்றாகவே போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் எரிவாயு விலையோடு சேர்ந்து மின்சந்தை விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. இங்கேதான் அந்த நிலையான விலை கைகொடுத்திருக்க வேண்டும். குடையை வாங்கியதே மழைக்குத்தானே? சரியாக அப்போதுதான் விற்பனையாளர் குடையைப் பிடுங்கிக்கொண்டார். 2022-ல், ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கும்போதே, வாடிக்கையாளர்கள் எல்லோரும் கம்பிக்காரரின் சந்தை விலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஊர்கள் நீதிமன்றம் போயின. ஆனால் அந்த மாதத்து பில் வழக்கு முடியும்வரை காத்திருக்குமா?

அதே சமயம் இன்னொரு தலைவலி. 2021 செப்டம்பரில் சென்ட்ரல் ஹட்சன் தன் பில்லிங் மென்பொருளை மாற்றியது. பில் மாதக்கணக்கில் வராமல் போனது, வந்தவற்றில் தப்பு, சோலார் கணக்கில் சேர வேண்டிய தொகை சேரவில்லை என்று புகார்கள் குவிந்தன. மாநில அதிகாரிகள் விசாரித்து 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். 2024-ல் 6 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள உடன்பாடு வந்தது. அதில் ஒரு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். அதுவரை இவர்களும் மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் அளந்துகொண்டிருந்தார்கள், ஈ.பி. மாதிரியே. ஆனால் பில் மட்டும் மாதாமாதம். நடு மாதம் குத்துமதிப்பு. அந்தக் குத்துமதிப்பை விட்டுவிட்டு மாதாமாதம் அளப்பதாக ஒப்புக்கொண்டதும் அந்த உடன்பாட்டில் ஒரு பகுதி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 12 மாதக் கணக்குப் போடும்போது பழைய பில்லில் ‘எஸ்டிமேட்டட்’ என்று இருந்தால் அந்த மாதத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த மாதத்தோடு சேர்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்.

சரி, 2022-ல் அப்படி நடந்ததே, இப்போது மட்டும் எப்படி நம்புவது? விலையை நம்ப வேண்டாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். விற்பனையாளர் பாதியில் ஓடினால் யார் நஷ்டம் கொடுப்பது? வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ வைத்திருக்கிறார்களா? டவுன் வாங்கி வைத்திருக்கிறதா, இல்லை வெறும் நல்லெண்ணமா? இதுதான் ஒரே உருப்படியான கேள்வி என்பேன். 2021-ல் கூட்டங்களில் பசுமை பற்றிய கேள்விகளுக்கு இருந்த ஆர்வம் இந்தக் கேள்விக்கு இருந்திருந்தால் நிலைமை கொஞ்சம் வேறாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஒப்பந்தத்தின் நகலைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நம் ஊரில் ஆர்.டி.ஐ. போடுவோமே, அதற்கு இங்கே ஃபாயில் என்று பெயர். கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போதும். இன்ன திட்டத்துக்கான மின் கொள்முதல் ஒப்பந்தத்தின் நகல் வேண்டும் என்று இரண்டு வரி. ஐந்து வேலை நாளுக்குள் பதிலாவது சொல்ல வேண்டும் என்பது சட்டம். குடியுரிமை இருக்கிறதா, விசா என்ன என்று யாரும் கேட்கக் கூடாது.

ஓட்டு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தில் பேச ஓட்டு தேவையில்லை. பேர், தெருவின் பெயர் சொல்லச் சொல்வார்கள், மூன்று நிமிடம் கொடுப்பார்கள். நான் போகிற கூட்டங்களில் பெரும்பாலும் காலி நாற்காலிகள்தான். முன்வரிசையில் ஓய்வு பெற்ற நான்கு பேர், கடைசி வரிசையில் உள்ளூர் நிருபர் ஒருவர், நடுவில் கண்டிப்பாக நாயைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர் ஒருவர். அங்கே எழுந்து “உத்தரவாதம் எவ்வளவு?” என்று கேட்டால் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வக்கீல் பக்கம் திரும்புவார்கள். சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எந்த விலை, விலகாதவர்களுக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டியது எந்த வகை மின்சாரம் என்பதையெல்லாம் போர்டுதான் மறுபடியும் தீர்மானிக்கும்.

இனி அந்த ‘முழுக்கப் பசுமை’. இதில் ஏமாற்று இல்லை, ஆனால் எல்லோரும் நினைப்பது போலவும் இல்லை. உங்கள் வீட்டு பிளக்கில் வரும் கரண்ட் நேற்று வந்த அதே கலவைதான். ஆற்றுத் தண்ணீரில் நாலு பேர் நாலு குடம் ஊற்றினால் யார் தண்ணீர் எந்தப் படித்துறைக்கு வந்தது என்று சொல்ல முடியுமா? அதனால் சான்றிதழ் வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். காற்றாலையோ சோலாரோ அணையோ 1,000 யூனிட் எடுத்தால் ஒரு சான்றிதழ். ஊர் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறதோ அந்த அளவுக்குச் சான்றிதழ் வாங்கி வைத்துவிட்டால் அது பசுமை மின்சாரம்.

சான்றிதழ் எங்கிருந்து வாங்கியது என்பதில்தான் விஷயம். டெக்சாஸில் என்றைக்கோ கட்டின காற்றாலையின் சான்றிதழ் சல்லிசாகக் கிடைக்கும். உங்கள் பணத்தால் அங்கே புதிதாக ஒரு இறக்கை கூடச் சுற்றப் போவதில்லை. நியூயார்க்கிலேயே இருக்கிற ஆலையின் சான்றிதழ் விலை கூடுதல், ஆனால் பணம் இங்கேயே சுற்றும். வெஸ்ட்செஸ்டரில் இந்தியன் பாயின்ட் அணு உலையின் கடைசிப் பிரிவை 2021 ஏப்ரலில் மூடிய பிறகு அந்த இடத்தைப் பெரும்பாலும் எரிவாயு ஆலைகள்தான் நிரப்பின. 2030-க்குள் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று மாநிலம் 2019-ல் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் ஊருக்கு ஒரு பங்கு வேண்டும் என்று போர்டு நினைத்தால், சான்றிதழ் எந்த மாநிலத்தது என்று கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன அட்டவணை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அதையும் கேளுங்கள்.

டவுனுக்கு இதில் என்ன லாபம் என்று உங்கள் கணவர் நிச்சயம் கேட்பார். பில்லில் இருந்து டவுன் கஜானாவுக்குப் பங்கு போவதில்லை. திட்டத்தை நடத்துகிற நிர்வாகி நிறுவனத்துக்கு யூனிட்டுக்கு ஒரு சிறு கட்டணம், அது விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஆனால் டவுனுக்கு வேறு ஒரு ஆசை உண்டு. நைசெர்டா என்கிற மாநில ஆற்றல் அமைப்பு ஊர்களுக்கு ‘கிளீன் எனர்ஜி கம்யூனிட்டீஸ்’ என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. இன்னின்ன காரியம் செய்தால் இத்தனை மதிப்பெண், மதிப்பெண் சேர்ந்தால் மானியம். சி.சி.ஏ.யும் அந்தப் பட்டியலில் வருகிற ஒன்று. தெருவிளக்கை எல்.இ.டி. ஆக்க மானியம் கிடைத்தால் போர்டின் தலைவரான எந்த சூப்பர்வைசருக்குத்தான் கசக்கும்? இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான்.

சில ஊர்களில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை பசுமை மின்சாரம் வாங்கத் தீர்மானம் போடுவார்கள். அடுத்த கூட்டத்தில், பழைய ஆப்பிள் தோட்டத்தில் சோலார் பண்ணை வைக்கக் கேட்டு வந்தவருக்கு ஆறு மாதத் தடை போடுவார்கள். 2023 கோடையில் பக்கத்து ஆரஞ்சு கவுன்ட்டியின் வார்விக்கில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற பேட்டரிக் கிடங்கு தீப்பிடித்த பிறகு பேட்டரி என்ற சொல்லைக் கேட்டாலே தடைதான். டெக்சாஸ் காற்றாலை பரவாயில்லை, நம் ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிப் பலகை தெரியக் கூடாது.

வாசலுக்கு வந்தவரிடம் இப்போது வருகிறேன். கம்யூனிட்டி சோலார் என்பது நிஜமான, நல்ல திட்டம். உங்கள் கூரையில் ஒன்றும் மாட்ட வேண்டாம். உங்கள் கம்பிக்காரரின் எல்லைக்குள் எங்கோ ஒரு சோலார் பண்ணை இருக்கும். அது எடுக்கும் மின்சாரத்துக்கு உண்டான மதிப்பில் உங்கள் பங்கு டாலராக உங்கள் பில்லில் கழியும். 50 டாலர் கழிந்தது, 10 சதவீதத் தள்ளுபடி என்றால், பண்ணைக்காரருக்கு 45 டாலர், உங்களுக்கு மிச்சம் 5 டாலர். பில் மொத்தத்தில் 10 சதவீதம் என்று வந்தவர் சொல்லியிருந்தால் அது தப்பு. கழிகிற தொகையில்தான் 10 சதவீதம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் சேரலாம். நியூயார்க் இதில் நாட்டிலேயே முன்னணி மாநிலம். கூரையில் இருப்பது, கம்யூனிட்டி சோலார் எல்லாம் சேர்த்து 2025-க்குள் 6,000 மெகாவாட் என்று வைத்த இலக்கை 2024 இலையுதிர்காலத்திலேயே தொட்டுவிட்டார்கள்.

முன்பு இரண்டு பில் வரும். கம்பிக்காரர் ஒன்று, பண்ணைக்காரர் ஒன்று. கோடையில் கழிவு அதிகம், குளிர்காலத்தில் குறைவு, ஒரு மாதத்துக் கழிவு அதற்கடுத்த மாதம் வரும், அதற்குள் பண்ணைக்காரர் பணம் எடுத்துவிடுவார். பாதிப் பேருக்குத் தலை சுற்றியது அதனால்தான். இப்போது ஒரே பில்லில் முடிக்கும் முறை இருக்கிறது. பண்ணைக்காரர் பங்கைக் கம்பிக்காரரே பிடித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் உங்களுக்குக் காட்டுவார். சேருவதானால் அந்த ஒற்றை பில் முறையில் மட்டும் சேருங்கள். டவுன் திட்டத்தில் இருந்துகொண்டே இதிலும் சேரலாம், ஒன்றுக்கொன்று குறுக்கே வராது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சோலாரில் சேர்ந்ததாலேயே உங்கள் மின்சாரம் பசுமை ஆகிவிடாது. அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் உங்கள் பெயருக்கு வருவதில்லை. உங்களுக்கு வருவது அந்த 5 டாலர்தான்.

ஆனால் பில்லை வாசலில் காட்டாதீர்கள். பில்லில் உங்கள் கணக்கு எண் இருக்கிறது. அதுவும், ஒரு “சரி”யும் இருந்தால் உங்கள் சப்ளையை மாற்றிவிடலாம். சோலார் என்று ஆரம்பித்து, மின்சாரம் விற்கிற நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நானே அனுபவித்தேன். வந்த புதிதில் குவீன்ஸில் ஒரு அபார்ட்மென்ட். கழுத்தில் அட்டை தொங்க ஒரு பையன் வந்தான், மூன்று மாதத்துக்குக் கம்மி விலை என்றான். நல்ல பையனாகத் தெரிந்தான், தண்ணீர் கூடக் கொடுத்தேன். நான்காம் மாதத்தில் இருந்து விலை மாறும் வகைக்குப் போய்விட்டது. கம்பிக்காரர் விலையை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எட்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்தப் பையனும் ஒரு காரணம் என்று சொல்லலாம். இப்படி நிறையப் பேர் மாட்டியதால்தான் 2019 டிசம்பரில் ஆணையம் கடிவாளம் போட்டது. வீடுகளுக்கு விற்கிறவர் கம்பிக்காரரை விட மலிவாகத் தருவதாக உறுதி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடந்த 12 மாதச் சராசரிக்கு மேல் 5 சதவீதத்துக்குள் நிலையான விலை வைக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் குறிப்பிட்ட அளவு பசுமை மின்சாரம் விற்க வேண்டும். அந்த மூன்றாவது வாசல் வழியாக இன்னும் விலை ஏறிக்கொண்டுதான் வருகிறது, அதனால் கடிவாளத்தை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

யாரும் உங்களைத் தொடக் கூடாது என்றால், கம்பிக்காரருக்குப் போன் செய்து கணக்குக்குப் பூட்டுப் போடச் சொல்லலாம். ஆனால் டவுன் திட்டத்தில் இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்த பிறகு அதைச் செய்யுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டீர்களானால், 12 மாதச் சராசரியை விட டவுன் விலை அரை சென்ட்டுக்குள் கூடுதலாக இருந்து, எப்போது வேண்டுமானாலும் அபராதம் இல்லாமல் விலகலாம் என்ற வரி கடிதத்தில் இருந்தால், உள்ளேயே இருப்பேன். மாதம் 3 டாலருக்கு ஜனவரி பில்லைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கலாம். விலகல் பற்றிய வரி மழுப்பலாக இருந்தால் இப்போதே விலகிவிடுவேன். பின்னால் மனம் மாறினால் சேர்ந்துகொள்ளலாம், அப்போது அதே விலை கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான். உத்தரவாதம் பற்றிய பதில் எப்படி வந்தாலும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிற அந்தக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் கேட்பார்.

விலகுவதானால் கடிதத்தோடு ஒரு அட்டை இருக்கும். பெரும்பாலும் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்காது. போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாள் என்பது கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளில் இருந்து ஓடுவதில்லை, மேலே அச்சிட்டிருக்கிற தேதியில் இருந்து. போன வாரம் வந்தது என்கிறீர்கள். தேதியைப் பார்த்துவிட்டு இந்தச் சனிக்கிழமையே அந்த 12 பில் கணக்கில் உட்காருங்கள்.